தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது வெள்ள எச்சரிக்கை, தீத்தடுப்புப் பிரசாரம், காவல்துறை அறிவிப்பு: டெல்டா மாவட்டங்களுக்கான கேள்வி பதில்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும், ஆற்றுப் பாசனத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் பக்கத்து வட்டங்களிலும் பணியாற்றும் தீயணைப்பு நிலைய அலுவலர்கள், வி.ஏ.ஓ.க்கள், ஊராட்சிச் செயலர்கள், காவல் நிலைய எழுத்தர்கள், பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அலுவலர்) அலுவலகப் பணியாளர்கள் ஆகியோருக்காக எழுதியது. இவர்களிடமிருந்து தகவலை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஊர்மக்களுக்கும் பயன்படும்.

நடத்தை விதி வந்துவிட்டது. இனி வெள்ள எச்சரிக்கை விடுவதற்கும் தேர்தல் ஆணையத்திடம் அனுமதி வாங்க வேண்டுமா?

வேண்டாம். உயிரையும் உடைமையையும் காக்கும் எச்சரிக்கைக்கு நடத்தை விதியில் எந்தத் தடையும் இல்லை. அரசுச் செலவில் ஆளுங்கட்சியின் சாதனையைப் பரப்புவது, அரசு ஊடகங்களைக் கட்சிச் சார்பாகப் பயன்படுத்துவது, புதிய சலுகைகளையும் திட்டங்களையும் அறிவிப்பது ஆகியவற்றைத்தான் விதி தடுக்கிறது. ஆளுங்கட்சிக்கான இந்தப் பகுதி 1979இல் நடத்தை விதியில் சேர்க்கப்பட்டது.

ஆனாலும் கீழ்மட்டத்தில் ஒரு பயம் உண்டு. "எதையாவது போட்டு மெமோ வாங்குவானேன்" என்று ஊர் வாட்ஸ்அப் குழுவையே பூட்டிவிடுகிறார்கள். அதிகம் பாதிப்பது இதுதான். எச்சரிக்கை தாமதமானால் அதற்கு நடத்தை விதியைக் காரணம் காட்ட முடியாது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். மாவட்டத் தேர்தல் அலுவலரும் அவரேதான். எச்சரிக்கையை உடனே அனுப்பிவிட்டு, அதன் நகலைத் தகவலுக்காகத் தேர்தல் பிரிவுக்குக் கொடுத்தால் போதும். அனுமதிக் கடிதம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

விதி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது? எந்தப் பகுதிக்குப் பொருந்தும்?

ஆணையம் தேர்தல் அட்டவணையை அறிவிக்கும் நொடியில் தொடங்குகிறது. வேட்புமனு தொடங்கும் நாள்வரை அவகாசம் இருப்பதாகச் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. தேர்தல் நடைமுறை முழுதாக முடியும்வரை அது நீடிக்கும்.

சட்டமன்றம், நாடாளுமன்றம் என்றால் மாநிலம் முழுதும் பொருந்தும். இடைத்தேர்தலில் பொதுவாக அந்தத் தொகுதி இருக்கும் மாவட்டம் முழுதும் பொருந்தும். தொகுதி மாநகராட்சிக்குள் அடங்கினால் அந்தத் தொகுதி அளவோடு நின்றுவிடும். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அதன் உத்தரவு தனியாக வரும், அதைத் தனியாகப் படிக்க வேண்டும்.

காரைக்கால் டெல்டாவுக்குள் இருந்தாலும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தலின் நடத்தை விதி அங்கே செல்லாது. ஆனால் அரசலாற்றுத் தண்ணீர் எல்லை பார்த்து ஓடாது. கும்பகோணம் பக்கம் நீர்வரத்து கூடினால் காரைக்கால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போவது எந்தத் தேர்தலின்போதும் நிற்கக்கூடாது.

தேர்தல் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தானே வருகிறது? ஆறு காய்ந்து கிடக்கும்போது என்ன எச்சரிக்கை?

எப்போதும் அப்படியில்லை. பணப்பட்டுவாடா புகாரால் 2016 மே மாதம் நின்றுபோன தஞ்சாவூர் தொகுதித் தேர்தல், நவம்பர் 19 அன்று நடந்தது. அது வடகிழக்குப் பருவமழையின் நடுப்பகுதி. 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தல் டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்தது.

கோடையிலும் வேலை குறைவதில்லை. கீற்றுக் கொட்டகைத் தீ, வைக்கோல் போர் எரிவது, கோடை மழையோடு வரும் இடி மின்னல், கொள்முதல் நிலையத்தில் நனையும் நெல், தேர்த் திருவிழாவில் மின்கம்பி, வெயில் தாக்கம் எல்லாம் வாக்குக் கேட்கும் அதே வாரங்களில்தான் வருகின்றன.

எச்சரிக்கையை எப்படி எழுதினால் சிக்கல் வராது?

தவறு பெரும்பாலும் பழைய மாதிரிக் கோப்பிலிருந்து வருகிறது. செய்தி வெளியீட்டின் முதல் வரியில் "மாண்புமிகு முதலமைச்சர் அவர்களின் ஆணைக்கிணங்க" என்று தொடங்கும் வார்ப்பு கணினியில் அப்படியே இருக்கும். அவசரத்தில் தேதியையும் அளவையும் மட்டும் மாற்றி அனுப்பிவிடுவார்கள். அறிவிப்பு சரியானதுதான், ஆனால் அந்த ஒரு வரி அதைப் புகாருக்கு உரியதாக்கிவிடுகிறது. விதி தொடங்கிய அன்றே வார்ப்புக் கோப்பை மாற்றி, பழையதை வேறு கோப்புறையில் பூட்டி வையுங்கள்.

கொள்ளிடக் கரைக்கு ஒரு மாதிரி:

"கொள்ளிடத்தில் இன்று இரவு 9 மணி முதல் தண்ணீர் உயரும். முக்கொம்பிலிருந்து விநாடிக்கு ______ கன அடி திறக்கப்பட்டுள்ளது. நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளமணல் மக்கள் மாலை 6 மணிக்குள் ______ பள்ளி முகாமுக்கு வந்துவிட வேண்டும். ஆடு மாடுகளை மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். ஆற்றில் இறங்க வேண்டாம், குளிக்க வேண்டாம், படகில் கடக்க வேண்டாம். உதவிக்கு 1077. அடுத்த அறிவிப்பு இரவு 8 மணிக்கு. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம். நாள், நேரம்."

இதில் நேரம் முதலில் வருவதையும், ஊர்ப்பெயர்கள் தனித்தனியாக இருப்பதையும் கவனியுங்கள். கன அடிக் கணக்கு மட்டும் சொன்னால் திட்டில் குடியிருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. "போன தடவை மாரியம்மன் கோயில் படிவரை வந்த அளவு" என்பதுபோல ஊர் அறிந்த அடையாளம் ஒன்றைச் சேர்த்தால் நல்லது. கையொப்பத்தில் பதவிப் பெயரோ துறைப் பெயரோ இருந்தால் போதும்.

தவிர்க்க வேண்டியவை: அமைச்சர், எம்.எல்.ஏ., எம்.பி. பெயர், படம், "அரசு எடுத்த துரித நடவடிக்கையால்" போன்ற புகழுரை, "சென்ற ஆட்சியில் கரை பலவீனமாக விடப்பட்டதால்" போன்ற குறை, "பாதிக்கப்பட்டோருக்கு வீடு கட்டித் தரப்படும்" போன்ற வாக்குறுதி. கட்சிக் கொடியின் நிறங்களில் பட்டை வைத்த வடிவமைப்பையும் மாற்றிவிடுங்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனும் வானிலை எச்சரிக்கை நிறங்களில் மட்டும் கை வைக்க வேண்டாம். அவை வானிலை ஆய்வு மையத்தின் குறியீடுகள், அவற்றை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்க முடியாது.

விதி தொடங்கிய முதல் மூன்று நாளில் என்ன செய்து முடிக்க வேண்டும்?

அரசுக் கட்டடங்களில் உள்ள அரசியல் படங்களும் விளம்பரங்களும் 24 மணி நேரத்தில் போக வேண்டும். பேருந்து நிலையம், பாலம் போன்ற பொது இடங்களில் 48 மணி நேரம், தனியார் இடத்தில் அனுமதியின்றி இருப்பவற்றுக்கு 72 மணி நேரம் என்பது கணக்கு. பலகையை மறைப்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். கண்ணுக்குப் படாத இடங்கள்தான் விட்டுப்போகும்:

- முகநூல் பக்கத்தின் மேற்படம், மேலே நிறுத்தி வைத்த பதிவு, வாட்ஸ்அப் குழுவின் முகப்புப் படம்.
- துறை இணையதளத்தின் முகப்பில் உள்ள அமைச்சர் படங்கள்.
- எச்சரிக்கை ஆட்டோவின் பென்டிரைவில் கிடக்கும் பழைய ஒலிப்பதிவு. முதல் இருபது விநாடி திட்டப் பெருமை ஓடி, அதன் பிறகுதான் வெள்ளம் பற்றிப் பேச்சு வரும். முழுதும் கேட்டுப் பார்த்து, வேண்டாததை வெட்டி, புதிதாகப் பதிவு செய்யுங்கள்.
- பேருந்து நிலைய எல்.இ.டி. திரை. தானாகச் சுழலும் பட்டியலில் பழைய படம் மறைந்திருக்கும். ஒரு முழுச் சுற்று நின்று பாருங்கள்.
- நிவாரண முகாமுக்கென்று கிடங்கில் வைத்திருக்கும் பைகள், பாய்கள், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் மேல் அச்சிட்ட படம். கிடங்கில் இருக்கும்வரை தெரியாது, விநியோகிக்கும் அன்றுதான் பிரச்சினையாகும்.

எச்சரிக்கைப் பலகைகள், சுழல் பகுதிகளில் உள்ள "குளிக்காதீர்கள்" பலகை, கரையில் உள்ள அளவுகோல் ஆகியவற்றைச் சேர்த்து மறைத்துவிடும் ஆர்வக்கோளாறும் நடக்கிறது. படத்தின் மேல் மட்டும் காகிதம் ஒட்டுங்கள், எச்சரிக்கை வாசகம் தெரிய வேண்டும்.

தீத்தொண்டு வாரம் நடத்தலாமா?

நடத்தலாம். 1944 ஏப்ரல் 14இல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை நடப்பது இது. தேர்தலோடு மோதுவது புதிதில்லை. தமிழ்நாட்டில் 2019இல் ஏப்ரல் 18, 2024இல் ஏப்ரல் 19 என வாக்குப்பதிவு நாளே அந்த வாரத்துக்குள் விழுந்தது. 2021இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 6 அன்று முடிந்தாலும், எண்ணிக்கை மே 2 என்பதால் விதி அமலில்தான் இருந்தது.

சிலிண்டரில் தீப்பிடித்தால் ஈரச் சாக்கைப் போர்த்தி, ரெகுலேட்டரை மூடிக் காட்டும் செயல்விளக்கம், மருத்துவமனைப் பயிற்சி, வீட்டிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் தள்ளி வைக்கோல் போர் போடச் சொல்லும் துண்டறிக்கை எல்லாம் வழக்கம்போல் செய்யலாம். மாற வேண்டியவை மூன்று.

முதலாவது, சிறப்பு விருந்தினர். எம்.எல்.ஏ., கவுன்சிலர், வேட்பாளர் யாரும் மேடையில் இருக்கக்கூடாது. தலைமையாசிரியரோ மருத்துவரோ போதும்.

இரண்டாவது, துண்டறிக்கை. அச்சுச் செலவை உள்ளூர்க் கடைக்காரர் ஏற்றுக்கொண்டு கீழே பெயர் போட்டுக்கொள்வது டெல்டா ஊர்களில் சகஜம். அவர் ஒரு கட்சியின் நகரச் செயலாளராகவும் இருப்பார். தேர்தல் முடியும்வரை உபயதாரர் பெயரே வேண்டாம்.

மூன்றாவது, இடமும் நாளும். பள்ளிகள்தான் வாக்குச்சாவடி. வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் பொருட்கள் வந்து இறங்கிவிடும். நிலையத்துக்கும் அந்த இரண்டு நாள் காத்திருப்புப் பணி இருக்கும். பள்ளி நிகழ்ச்சிகளை வாரத்தின் முதல் இரண்டு மூன்று நாளிலேயே முடித்துவிடுங்கள்.

இரவில் ஒலிபெருக்கி வைத்து எச்சரிக்கலாமா? பிரசாரத்துக்கு இரவு 10 மணியோடு தடை இருக்கிறதே?

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலான தடை ஒலி மாசு விதிகள் 2000இலிருந்து வருவது. அதே விதியில் பொது அவசரநிலைக்கு விலக்கு உண்டு. கரை உடையப்போகும் இரவில் மணி பார்க்க வேண்டியதில்லை.

நடைமுறைச் சிக்கல் வேறு. ஊரில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ நாலைந்துதான் இருக்கும், அவையெல்லாம் கட்சிகள் அமர்த்தியவை. தண்டோரா 2022இல் நிறுத்தப்பட்ட பிறகு ஊராட்சிகளும் இந்த ஆட்டோக்களைத்தான் நம்பியிருக்கின்றன. பகலில் ஒரு கட்சிக்கு ஓடிய வண்டியை மாலையில் நீங்கள் எடுத்தால், கொடிக்கம்பு, பின்பக்க ஸ்டிக்கர், மேலே கட்டிய தட்டி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள். ஓட்டுநர் கையில் மூன்று தாள் இருக்கட்டும்: வட்டாட்சியர் கையொப்பமிட்ட உத்தரவு, வாசிக்கும் வாசகத்தின் நகல், செல்லும் ஊர்களின் பட்டியல். வண்டி எண்ணைப் பறக்கும் படைக்கும் தேர்தல் கட்டுப்பாட்டு அறைக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் இது இன்னும் முக்கியம். மைக் சத்தம் கேட்டாலே புகார் பறக்கும் நேரம் அது. வெள்ள அறிவிப்பு தேர்தல் பிரசாரம் ஆகாது, ஆனால் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் போகும் நேரம் யாருடையது?

செய்தித்தாளில் விழிப்புணர்வு விளம்பரம் கொடுக்கலாமா?

செய்திக்குறிப்பு வேறு, கட்டண விளம்பரம் வேறு. செய்திக்குறிப்பைத் தாராளமாகக் கொடுக்கலாம். அரசுப் பணத்தில் வரும் விளம்பரம் என்றால், அது வெயில் தாக்க விழிப்புணர்வாகவே இருந்தாலும், முன் அனுமதி வேண்டும். துறைச் செயலர் வழியாகத் தலைமைச் செயலாளர் தலைமையிலான குழுவுக்கும், அங்கிருந்து தலைமைத் தேர்தல் அதிகாரி வழியாக ஆணையத்துக்கும் கோப்பு செல்லும். நாளாகும். மார்ச் மாதமே அனுப்பி வையுங்கள், அக்னி நட்சத்திரம் தொடங்கியபின் அனுப்பிப் பயனில்லை.

அமைச்சர் பாதிப்பைப் பார்க்க வருகிறார். அதை வெளியிடலாமா?

இயற்கைச் சீற்றம், சட்டம் ஒழுங்கு போன்ற அவசரத்தில், நேரில் இருந்தே ஆக வேண்டிய துறை அமைச்சரோ முதலமைச்சரோ அலுவல் முறையில் வரலாம். அந்தப் பயணத்தோடு வாக்குச் சேகரிப்பைக் கலக்கக்கூடாது. ஆட்சியர்களோடு காணொலி ஆய்வு நடத்த விரும்பினால் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அதைப் பதிவு செய்ய வேண்டும், முன்னும் பின்னும் விளம்பரம் கூடாது. ஆகவே துறைப் பக்கத்தில் அமைச்சர் படகில் நிற்கும் படத்தைப் போடுவதற்கு இடமில்லை. முகாம் எங்கே, எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், எந்தச் சாலை அடைபட்டிருக்கிறது என்பதை வெளியிடுங்கள்.

அமைச்சர் சொந்த வேலையாகவோ பிரசாரத்துக்கோ வந்தால் அதிகாரிகள் போய்ப் பார்க்கவே கூடாது.

நிவாரணத் தொகையை அறிவிக்கலாமா?

இங்கேதான் வழுக்கும். ஏற்கெனவே நடைமுறையில் உள்ள விகிதத்தில், பாதிக்கப்பட்டவருக்கு நேரடியாக நிவாரணம் கொடுக்கலாம். ஆணையத்துக்குத் தகவல் தர வேண்டும். விகிதத்தை உயர்த்த முன் அனுமதி வேண்டும். ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து வெள்ளம் அல்லது வறட்சி பாதித்ததாக அறிவிப்பதற்கும், அறிவித்த எல்லையை விரிவாக்குவதற்கும் அனுமதி வேண்டும். முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து மருத்துவமனைக்கு நேரடியாகச் செலுத்துவதற்குத் தடையில்லை.

குடிசை எரிந்தால் வழக்கமாக எம்.எல்.ஏ. கையால் அரிசியும் வேட்டி சேலையும் கொடுத்துப் படம் எடுப்பார்கள். விதிக் காலத்தில் வட்டாட்சியரோ வருவாய் ஆய்வாளரோ கொடுக்க வேண்டும். கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும். ஆதாரத்துக்குப் படம் எடுத்தால் அது கோப்புக்கு மட்டுமே.

நிவாரணமும் தேர்தலும் மோதினால் தேர்தலே தள்ளிப்போனதும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினம், வேதாரண்யம் இடையே கரையைக் கடந்தது. திருவாரூர் இடைத்தேர்தல் 2019 ஜனவரி 28 என்று அறிவிக்கப்பட்டது. நிவாரணப் பணி முடியவில்லை என்ற காரணத்தால் ஆணையம் அந்த அறிவிப்பையே ரத்து செய்தது. பிறகு ஏப்ரல் 18 அன்று நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து நடத்தியது.

மேட்டூர் திறப்புக்கு முன் தூர்வாரும் பணி, கரை அடைப்பு?

களத்தில் ஏற்கெனவே தொடங்கிய பணி தொடரலாம். பணி ஆணை வாங்கியும் பொக்லைன் இறங்கவில்லை என்றால் தொடங்கக்கூடாது. வரப்போகும் வெள்ளத்தைத் தடுக்கப் புதிதாகக் கரை பலப்படுத்தவோ வாய்க்கால் வெட்டவோ ஆணையத்தின் முன் அனுமதி தேவை. ஜூன் 12 வழக்கமான திறப்பு நாள் என்பதால் டெல்டாவில் இந்த நெருக்கடி திரும்பத் திரும்ப வரும். அனுமதிக் கோப்பில் மைல் கல் எண், மடை எண், பாசனப் பரப்பு, தண்ணீர் வரும் தேதி நான்கையும் எழுதுங்கள். "அவசரம்" என்று மட்டும் எழுதிய கோப்பு திரும்பி வரும்.

உடைந்த கரையை அடைப்பது வேறு. பாதிக்கப்பட்டவர்களின் துயர் துடைக்கும் உடனடிப் பணியைச் செய்துகொண்டே ஆணையத்துக்குத் தகவல் கொடுக்கலாம். விவசாயிகளுக்கான அறிவிப்பில் எந்த ஆற்றில், எந்த மதகு, எப்போது மூடல் என்பது மட்டும் இருக்கட்டும். மொத்தம் எத்தனை கோடிச் செலவு என்பது அங்கே வேண்டாத கணக்கு.

காவல்துறை செய்திக்குறிப்பில் என்ன கட்டுப்பாடு?

தேர்தல் பணிக்கு அமர்த்தப்பட்ட காவலர்கள், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 28ஏ பிரிவின்படி, அறிவிக்கை வந்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும்வரை ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள். வாக்களிக்கும்படியோ வேண்டாம் என்றோ யாரையும் தூண்டும் காவலருக்கு 129ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை.

பணம் பிடிபட்டால் இடம், நேரம், தொகை, ஒப்படைத்த அலுவலகம் ஆகியவற்றோடு குறிப்பை முடியுங்கள். "இன்ன கட்சிக்காகக் கொண்டு வந்ததாகத் தெரிகிறது" என்ற வரி விசாரணைக்கு முன் வரக்கூடாது. நெல் விற்ற பணத்தோடு வந்த விவசாயி மாட்டினால், ஆவணம் காட்டித் தொகையைத் திரும்பப் பெறும் வழியையும் அதே குறிப்பில் சேர்ப்பது நல்லது. போக்குவரத்து மாற்றம், காணாமல் போனவர், இணைய மோசடி எச்சரிக்கை எல்லாம் வழக்கம்போல் போகலாம். குற்றம் குறைந்ததாக ஒப்பிட்டுப் போடும் ஐந்தாண்டுப் பட்டியலை மட்டும் தள்ளி வையுங்கள். ஓய்வான காலத்தில் அது புள்ளிவிவரம், தேர்தல் நேரத்தில் அதுவே சாதனை விளம்பரம்.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் கவுன்சிலரும் கட்சிக்காரர்களும் இருக்கிறார்களே?

அவர்களை நீக்க வேண்டியதில்லை, நீக்கினால் எச்சரிக்கை எட்டாமல் போகும். நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி மாற்றிவிடுங்கள். எதிர்க் கேள்வி வந்தால் தனி எண்ணில் பதில் சொல்லுங்கள். குழுவில் விவாதம் வேண்டாம்.

உங்கள் சொந்த எண்ணின் ஸ்டேட்டஸும் கணக்கில் வரும். அரசு ஊழியர் சொந்தக் கணக்கில் வேட்பாளர் படம் வைத்தாலும், "லைக்" போட்டாலும், அதைத் திரைப்பிடிப்பு எடுத்துப் புகாராக்க ஆள் இருக்கிறார்கள்.

பொதுமக்கள் எங்கே புகார் சொல்வது?

அரசு எச்சரிக்கையில் அரசியல் கலந்திருந்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் புகார்ச் செயலியில் படத்தோடு அனுப்பலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் ஏற்பாடு. தேர்தல் உதவி எண் 1950இலும் கூறலாம். எச்சரிக்கையே வரவில்லை, கரை கசிகிறது என்றால் இவை இரண்டும் உதவாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070, தீயணைப்பு 101, அவசர உதவி 112.

முடிவு வந்த அன்றே எல்லாம் பழையபடி ஆகுமா?

ஆகாது. ஆணையம் விலக்கிய கடிதம் வர வேண்டும். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் எண்ணிக்கை ஜூன் 4 அன்று நடந்தது, விதி விலகியது ஜூன் 6 அன்று. பதிவேட்டில் அந்தக் கடிதத்தின் எண்ணையும் தேதியையும் எழுதிய பிறகே பழைய வார்ப்புக் கோப்புறையைத் திறங்கள். விதிக் காலத்தில் வெளியிட்ட ஒவ்வோர் அறிவிப்பின் நகலையும் நேர வரிசையில் வைத்திருங்கள். தேர்தல் வழக்கு தொடுக்க முடிவு வந்த நாளிலிருந்து 45 நாள் அவகாசம் உண்டு, அதுவரை ஒரு தாளையும் கழிக்க வேண்டாம்.